ஆண்மையுமா கப்பலில் வந்திறங்க வேண்டும்?

தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்காத பொருள் இல்லை. நிலக்கரி இறங்குகிறது; மரம் இறங்குகிறது; எந்திரம் இறங்குகிறது. இவற்றோடு அண்மைக் காலமாக ஆண்மையும் இறங்கத் தொடங்கியிருக்கிறது! முத்துக்குளித்துறையின் ஊர்தோறும் நடைபெறும் கிறித்தவக் குடும்பக் கூட்டங்களுக்குச் சென்று கேட்பார் இதனை அறிவர். 'ஆண்மகன் ஆண்மகனாக இருக்கவேண்டும், கணவனே தலை, மனைவி பணிந்திருக்க வேண்டும், இக்கால நாகரிகம் குடும்பத்தைக் கெடுத்துவிட்டது, மேனாட்டுச் சீரழிவு நம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது' என்று மேடையிலிருந்து முழங்குகின்றனர். முழக்கம் நன்று. ஆனால் முழங்கும் மொழி எது? 'பிரதர்', 'சிஸ்டர்', 'ஃபேமிலி', 'ஹஸ்பெண்ட்', 'வைஃப்', 'லீடர்ஷிப்'! மேனாட்டு நாகரிகத்தை வெருட்டி ஓட்ட வந்தவர், அந்நாகரிகத்தின் மொழியையே தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார். திருடனை விரட்ட வந்தவன் திருடனின் கைவிளக்கையே ஏந்தி வந்தால், ஊரார் யாரைப் பிடிப்பர்?

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்துவது நன்று. கிறித்தவம் தமிழனுக்கு அயன்மையானது என்று சொல்லும் சிலர் தமிழியக்கத்தின் ஓரங்களில் இருக்கின்றனர். அவர்கட்கு இக்கட்டுரை துணைபோகாது. தனித்தமிழுக்குத் தம் வாழ்நாளை ஈந்த மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் (1902–1981) கிறித்தவக் குடியிற் பிறந்தவர். 'தமிழர் திருமணம்' என்னும் நூலை 1956-இல் எழுதி, வடமொழிக் கரணமின்றித் தமிழ் மணம் எவ்வாறு நடைபெற வேண்டும் என்று வகுத்துக் காட்டியவரும் அவரே. உலகத்தமிழ் மாநாட்டுக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகளார், இதே தூத்துக்குடி மறைமாவட்டத்தின் குரு. வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராயிருந்து, அங்கேயே தமிழை ஆழக் கற்கத் தொடங்கி, தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவியவர். 1952-இல் தொடங்கிய அவருடைய 'தமிழ்ப் பண்பாடு' என்னும் ஆங்கில ஆய்விதழ் உலகெங்கும் சென்றது. ஆகவே வழக்கு கிறித்தவத்தின்மேல் அன்று; கிறித்தவத்தின் பெயரால் கரையேறும் அயல்நடையின் மேலேயே என்க.

இப்புதிய ஆண்மை உரை எங்கிருந்து வந்தது? 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவில் பெண்ணுரிமைக் கிளர்ச்சி வலுத்தது. அதற்கு எதிரெழுச்சியாக அந்நாட்டுச் சீர்திருத்தக் கிறித்தவருள் ஒரு சாரார், 1987-இல் மாசச்சூசெட்சு மாநிலத்து தான்வர்சு என்னும் ஊரில் கூடி, வீட்டிலும் திருஅவையிலும் ஆணே தலைமை தாங்கற்குரியவன் என்று ஓர் அறிக்கை வரைந்தனர். 1990-இல் கொலராடோவில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் ஆடவர்க்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1997 அக்டோபரில் அவ்வியக்கத்தார் வாசிங்டன் நகரில் பல்லாயிரவராகத் திரண்டனர். விளையாட்டரங்குகளில் ஆடவர் கூடி அழுது, மனைவியர்க்கு உண்மையாயிருப்போம் என்று உறுதி சொல்லினர். சொன்னவருள் பலர் உளமாரச் சொன்னவரே, அதனை எள்ளுவதற்கில்லை. அது அவர்கள் நாட்டு நோய்; அவர்கள் தேடிய மருந்து.

அம்மருந்தைப் புட்டியோடு வாங்கி வந்து மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் வைப்பாற்றிலும் வேம்பாற்றிலும் ஊற்றுவதுதான் வியப்பு. இக்கடற்கரைக் குடும்பத்தின் நோய்கள் எவை? சீதனம் என்னும் மணக்கொடை ஒன்று, குடி ஒன்று, சாதி ஒன்று. அமெரிக்காவிலிருந்து வரும் ஆண்மை நூல்களில் மணக்கொடை பற்றி ஓர் இயல் உண்டா? மாப்பிள்ளை வீட்டார் நகை எடை கேட்பது பற்றி ஒரு பத்தி உண்டா? எப்படி இருக்கும்? எழுதியவனுக்கு அந்நோய் தெரியாது. தெரிந்த இவ்வுரைஞரோ, தாமே தம் மகனுக்குப் பெண் பார்க்கையில் 'நீங்கள் உங்கள் பெண்ணுக்குச் செய்வதைச் செய்யுங்கள்' என்று புன்முறுவலோடு சொல்லிவிட்டு, மறுநாள் மேடையேறி ஆண்மகனின் தலைமை பற்றிப் பேசுகிறார்!

தலைமை என்பதற்குச் சான்றாக இவர்கள் எடுத்துக்காட்டுவது புனித பவுல் எபேசியர்க்கு எழுதிய மடலின் ஐந்தாம் இயல். அவ்வியலில் மனைவியர் கணவர்க்குப் பணிந்திருக்க வேண்டும் என்ற கருத்து உண்டு; மறுப்பார் இல்லை. ஆனால் அதற்கு முந்திய அடியில், அனைவரும் ஒருவர்க்கொருவர் பணிந்திருக்க வேண்டும் என்ற கருத்தும் உண்டு. அதற்குப் பிந்திய அடிகளில், கிறித்து திருஅவைக்காகத் தம் உயிரையே ஈந்ததுபோல் கணவன் மனைவியிடம் அன்பு செலுத்தவேண்டும் என்ற கருத்தும் உண்டு. முன்னதையும் பின்னதையும் வெட்டிவிட்டு, நடுவில் உள்ளதை மட்டும் மேடையில் வைத்தால் அது மறையுரை ஆகுமா? இப்பகுதியை இருவரும் ஒருவர்க்கொருவர் பணிதல் என்றே கொள்ளவேண்டும் என்று போப்பு இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் வெளியிட்ட பெண்மையின் மாண்பு பற்றிய திருமடலில் விளக்கியிருக்கிறார். உரோமாபுரி சொன்னதும் இவர்கள் காதில் ஏறவில்லை. வள்ளுவர் சொன்னதும் ஏறவில்லை.

வள்ளுவரிடம் வருவோம். 'ஆண்மை' என்னும் சொல்லைத் தமிழன் எங்ஙனம் ஆண்டான்? ஆள் என்பது வேர். ஆளுதல், கையாளுதல், பொறுப்பேற்று நடத்துதல் என்பன அதன் பொருள். அதிலிருந்து கிளைத்த கூட்டுச் சொற்களைப் பாருங்கள். தளராத முயற்சி தாளாண்மை. பிறர்க்கு உதவுதல் வேளாண்மை. அச்சொல்லே பின்னர் உழவுக்கும் ஆயிற்று. வீட்டை நடத்துதல் இல்லாண்மை. பகைவனுக்குத் துன்பம் வந்தவிடத்து அவனுக்கும் துணைநிற்கும் பெருந்தன்மை ஊராண்மை. தான் பிறந்த குடியைத் தாங்கி உயர்த்துதலை நல்லாண்மை என்று குடிசெயல்வகையில் வைத்தார் வள்ளுவர். எல்லாவற்றினும் பெரிதாகப் பேராண்மை என்று அவர் எதனைக் கூறினார்? மனைவியை அடக்குவதையா? பிறனுடைய மனைவியைக் கண்ணெடுத்தும் நோக்காத உளத்திண்மையைப் பேராண்மை என்றார். பிறனில் விழையாமை என்னும் அவ்வதிகாரம் முழுவதும் ஆடவனை நோக்கியே பேசுகிறது. பெண்ணை நோக்கி ஒரு சொல்லும் இல்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய இச்சொல்வளத்தில் எந்தச் சொல்லிலாவது பெண்ணின் தலைமேல் ஏறி நிற்றல் என்னும் பொருள் உண்டா? தேடிப் பார்த்தாலும் கிடையாது.

கணவன் மனைவியரைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆண்ட சொற்களும் அவ்வாறே. கிழவன், கிழத்தி. கிழமை என்பது உரிமை. அவன் அவளுக்கு உரியவன்; அவள் அவனுக்கு உரியவள். தலைவன், தலைவி. இருவருமே தலை! 'கணவனே தலை' என்பாருக்குத் தமிழ் இலக்கணமே விடை சொல்லிவிட்டது. இன்னும் ஒன்று. இல்லாள் என்றால் இல்லத்துக்கு உடையவள். அதன் ஆண்பாலாக இல்லான் என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றும் இல்லாதவன் என்றன்றோ பொருள் வருகிறது! தமிழ் தன் மக்களோடு விளையாடிய விளையாட்டு இது.

இத்தனை சொற்களும் வீட்டிலேயே இருக்க, 1871-இல் வெளிவந்த சீர்திருத்தத் திருஅவைகளின் விவிலியத் தமிழாக்கம் கணவனுக்குப் 'புருஷன்' என்றும் பெண்ணுக்கு 'ஸ்திரீ' என்றும் மகனுக்குக் 'குமாரன்' என்றும் எழுதியது. இன்றும் தூத்துக்குடி, நாசரேத்து, சாயர்புரம் வட்டாரத்துக் கோயில்களில் அதுவே படிக்கப்படுகிறது. 'புருஷன்' என்று படித்துப் படித்துப் பழகிய நாவுக்குக் 'கணவன்' என்னும் சொல் நாடகச் சொல்லாகத் தோன்றுகிறதாம். 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தரும் இணைந்து ஆக்கிய பொதுமொழிபெயர்ப்பு 'கணவர்' என்றும் 'பெண்' என்றும் தமிழாகவே எழுதியது. அதை வைத்துப் படிக்க எத்தனை கோயில்கள் முன்வந்தன? 'பழையதில்தான் அருள் இருக்கிறது' என்கின்றனர். அருள் வடசொல்லில் மட்டுமா தங்கும்?

பழையது என்றால் உண்மையிலேயே பழையதைப் பார்ப்போம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரை திருமுழுக்குப் பெற்றனர். முத்து வாணிகத்தில் மேலாண்மை யாருக்கு என்ற பூசலே அதற்கு அடிப்படை. அப்பூசலின் தொடக்கத்தில் ஒரு பரதவப் பெண் இழிவுபடுத்தப்பட்டாள் என்றும், தட்டிக் கேட்ட கணவனின் காது அறுபட்டது என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. 1542-இல் சவேரியார் இக்கரைக்கு வந்தார். தமிழறியாத அவர், மன்றாட்டுகளையும் கட்டளைகளையும் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குப் பின்வந்த அன்றிக்கு அடிகளார் (1520–1600) தமிழைக் கற்றார். தமிழுக்கு இலக்கணம் வரைந்தார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சேற்றினார். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. அச்சுக்குப் பொருள் தந்தவர் யார்? முத்தெடுத்த பரதவர்! மூச்சையடக்கிக் கடலடியில் தேடிய காசு தமிழ் எழுத்தாயிற்று. 1579-இல் 'கிரீசித்தியானி வணக்கம்', 1586-இல் 'அடியார் வரலாறு' எனத் தொடர்ந்தன.

தம்பிரான்! என்ன அழகிய சொல்! தலைவன் என்பது அதன் பொருள். பின்னர் மதுரைப் பணித்தளத்தார் வந்தனர்; தத்துவ போதகர் முதலியோர் மேற்குலத்தாரைக் கவர வேண்டி வடசொற்களைக் கொண்டு வந்து குவித்தனர். தம்பிரான் மறைந்து 'சர்வேசுரன்' வந்தது, 'ஞானஸ்நானம்' வந்தது, 'விசுவாசம்' வந்தது. நெய்தல் நிலத்தான் கடவுளுக்கு இட்ட பெயரை மேட்டுநிலத்துக்கு ஏற்ப மாற்றினர். ஆயினும் அன்றிக்கு அடிகளாரும் குறையற்றவர் அல்லர். தூய ஆவியை 'இசுப்பிரித்து சாந்து' என்று போர்த்துக்கீசிய மொழியிலேயே எழுதினார். 1580-இல் வந்த பாவமன்னிப்பு நூலுக்குப் பெயரே 'கொம்பெசியோனாயரு'. தமிழன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் போர்த்துக்கீசியம் வேண்டியிருந்தது போலும்.

சொல்லாவது நூலில் நின்றது. பெயரோ குருதியில் கலந்தது போல் ஆகிவிட்டது. திருமுழுக்குக்கு நின்ற போர்த்துக்கீசியத் தலைவரின் குடிப்பெயர்கள் முழுக்குப் பெற்ற தமிழனுக்கு ஒட்டப்பட்டன. பர்னாந்து, மோத்தா, கோமசு, வாசு, மிராந்தா, மச்சாடோ, ரொட்ரிகோ, பெரேரா, கொரைரா எனப் பெயர்கள் நிரம்பின. போர்த்துக்கீசியன் 1658-இல் ஒல்லாந்தரிடம் தூத்துக்குடியை இழந்து போய்விட்டான். அவன் கோட்டை இல்லை, கொடி இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது! லிசுபனில் எத்தனைப் பர்னாந்துகள் இருக்கின்றனரோ, அதற்குக் குறையாமல் தூத்துக்குடியில் இருக்கின்றனர். ஒரு பரதவக் குழந்தையின் குடிப்பெயர், தன் கொள்ளுப்பாட்டன் பெயரன்று. கொள்ளுப்பாட்டனின் பாட்டனுக்குத் தலையில் நீரூற்றியபோது அருகில் நின்றிருந்த ஒரு படைஞனின் பெயர்.

இதற்கு மறுமொழி உண்டு. 'பெயரில் என்ன இருக்கிறது? தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூசு பர்னாந்து தமிழர் இல்லையா?' என்று கேட்பர். தமிழரே, அதில் ஐயம் என்ன? உப்புக் கரிக்கும் ஊரில் குடிநீரின்றி வாடிய மக்களுக்கு ஆற்றைக் கொண்டுவந்தவர், வள்ளுவர் சொன்ன வேளாண்மைக்கும் தாளாண்மைக்கும் சான்றானவர். பெயர் அயலாயினும் செயல் தமிழ். ஆனால் அப்படிப்பட்ட ஒருவரை நினைக்கும்போதும் ஒரு போர்த்துக்கீசியச் சிலுவைப் பெயரையே சொல்லி நினைக்க வேண்டியிருப்பது தமிழனின் இழப்பா, இல்லையா?

மற்றொருபுறம் பாருங்கள். இத்தாலியில் பிறந்த கொன்சுதாந்து பெசுகி இங்கு வந்தார். கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்தார். முதலில் தைரியநாதர் என்று பெயர் கொண்டார். அது வடசொல் எனவே வீரமாமுனிவர் என்று வழங்கப்பெற்றார். இங்கே பிறந்தவன் அயற்பெயர் தாங்கி நிற்க, அங்கே பிறந்தவர் தம் பெயரைக் களைந்துவிட்டு நின்றார்! அவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் யார்? கிறித்து அல்லர், மரியின் கணவரும் இயேசுவின் வளர்ப்புத் தந்தையுமான தச்சர். எபிரேயத்தில் அவர் பெயருக்கு மேலும் பெருகச் செய்தல் என்பது பொருள். அதை உணர்ந்து வளன் என்று தமிழாக்கினார் முனிவர். கடற்கரையாரோ போர்த்துக்கீசியச் சொல்லைத் திரித்துச் 'சூசை' என்றனர். வளன் என்றால் பொருள் விளங்கும். சூசை என்றால் யாருக்கு என்ன விளங்கும்?

கிறித்தவ ஆண்மை என்று ஒன்றைப் பேசுவோர் இந்த வளனையன்றோ முதலில் பேசவேண்டும்! மணம் பேசப்பட்ட பெண் கருவுற்றிருப்பதை அறிகிறான் ஒருவன். அக்குழந்தை தன்னுடையதன்று. அக்கால யூதச் சட்டம் அவன் கையில் கல்லைக் கொடுக்கிறது. அவன் ஊரைக் கூட்டவில்லை. பெண்ணின் பெயரைக் கெடுக்கவில்லை. ஓசையின்றி விலகிவிடலாம் என்றே எண்ணினான் என்கிறது மத்தேயு நற்செய்தியின் முதல் இயல். கனவில் உண்மை அறிவிக்கப்பட்ட பின்னர் அவளைத் தன் இல்லத்துக்கு அழைத்துக்கொண்டான். பிறர் மகனுக்குத் தன் கைத்தொழிலைக் கற்றுக் கொடுத்தான். குழந்தையின் உயிருக்கு இடர் வந்தபோது இரவோடிரவாக எகிப்துக்குத் தூக்கிச் சென்றான். நற்செய்தி நூல்களில் அவன் வாய் திறந்து பேசியதாக ஒரு சொல்லும் இல்லை என்பதையும் எண்ணுக. கூட்ட மேடையில் இரண்டு மணிநேரம் ஆண்மையைப் பற்றிப் பேசுவோர், பேசாமலே ஆண்மகனாய் வாழ்ந்த இவனைத் தொடுவதில்லை. ஏன்? தலைமைக்கு அவன் உதவமாட்டான்!

சட்டத்தையும் இங்கே ஒரு சொல் சொல்லவேண்டும். 1869-இல் ஆங்கிலேயன் இந்நாட்டுக் கிறித்தவருக்கென மணமுறிவுச் சட்டம் ஒன்று இயற்றினான். மனைவி ஒழுக்கம் தவறினாள் என்று மட்டும் காட்டினால் கணவன் மணமுறிவு பெறலாம். கணவன் ஒழுக்கம் தவறினான் என்று மட்டும் காட்டினால் மனைவிக்குக் கிடையாது. கொடுமையோ, கைவிடலோ, வேறொரு குற்றமோ சேர்த்துக் காட்டவேண்டும். மேலும் தன் மனைவியோடு தவறியவனிடம் கணவன் இழப்பீட்டுப் பணம் கேட்கலாம் என்றும் அச்சட்டத்தில் இருந்தது. மாட்டைத் திருடியவனிடம் கேட்பதுபோல! இதைத்தான் கிறித்தவக் குடும்ப ஒழுக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்தனர். இது கிறித்தவமும் அன்று, மறையும் அன்று. 1857-இல் இங்கிலாந்து இயற்றிய தன் சட்டத்தின் படியே அது. இங்கிலாந்து அவ்வேற்றத்தாழ்வை 1923-இல் நீக்கிக்கொண்டது. 1995-இல் கேரள உயர்முறைமன்றம் அதன் ஒரு பகுதியைச் செல்லாதென்றது. இந்தியப் பாராளுமன்றம் நீக்கியது 2001-இல்! ஆங்கிலேயன் தன் வீட்டில் கழற்றி எறிந்த பழைய சட்டையை 78 ஆண்டுகள் தமிழ்க் கிறித்தவப் பெண் உடுத்தியிருந்தாள். ஆடவனின் ஒழுக்கத்தையே பேராண்மை என்று வைத்த மொழியைப் பேசுபவள் அவள்! அவ்வாண்டுகளில் எத்தனை மேடைகளில் இதனை எதிர்த்து ஆண்மை உரை நிகழ்ந்தது?

சொத்திலும் அப்படியே. 1925-ஆம் ஆண்டு இந்திய மரபுரிமைச் சட்டத்தின்படி, விருப்ப முறி எழுதாது இறந்த கிறித்தவத் தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒத்த பங்கு. சட்டம் இருக்கிறது, பங்கு இருக்கிறதா? 'உனக்குத்தான் சீதனம் கொடுத்தாயிற்றே' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கின்றனர். அந்தச் சீதனம் அவள் கைக்கா போயிற்று? மாப்பிள்ளையின் வீட்டுக் கடனுக்கும் அவன் தங்கையின் சீதனத்துக்கும் போயிற்று. 1961-இலேயே மணக்கொடைத் தடைச் சட்டம் வந்தும், கோயிலில் மணஓலை கூறப்படும் மூன்று ஞாயிறுகளில் ஒன்றிலாவது, 'இம்மணத்தில் பொருள் பேசப்பட்டதா?' என்று கேட்கப்படுவதுண்டா? உறவுத் தடை உண்டா என்று கேட்கின்றனர். பணத் தடை உண்டா என்று கேட்பதில்லை.

இதைப் படித்து நகைக்கும் சைவத் தமிழனும் மாலியத் தமிழனும் தம் வீட்டு மணப்பந்தலை ஒருமுறை நினைத்துக்கொள்க. அங்கே ஓதப்படுவது என்ன பொருளென்று மணமகனுக்கும் தெரியாது, மணமகளுக்கும் தெரியாது; ஓதுபவனுக்கும் ஐயமே. நகை எடை மட்டும் எல்லார்க்கும் தெரியும்.

குடியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சவேரியாரே 1544-இல் புன்னைக்காயலில் சாராயம் குடித்த பெண்களுக்குத் தண்டம் விதிக்கச் செய்தார், பட்டங்கட்டிகளையும் எச்சரித்தார். தண்டம் பெண்ணுக்கு, எச்சரிக்கை ஆணுக்கு! 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திய அரசு, 2003 முதல் தானே கடை திறந்து விற்கிறது. மீன் விற்ற பணம் வீடு சேருமுன் அக்கடை வழியாகச் செல்கிறது. 'தலை' என்று மேடையில் ஏற்றப்பட்ட கணவன் தெருவில் தலைசாய்ந்து கிடக்க, 'உடல்' என்று சொல்லப்பட்ட மனைவிதான் அவனைத் தூக்கி வருகிறாள்.

உண்மையில் இந்நெய்தல் நிலத்தில் வீட்டை ஆண்டவர் என்றும் பெண்களே. கடலோடி கடலில் இருப்பான். தோணியில் கொழும்புக்குச் செல்வான்; கப்பலில் ஏறி ஆண்டுக்கணக்கில் திரும்பான். வட்டிக்கு வாங்கியதும், மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்றதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததும் அவளே. இல்லாண்மை என்னும் சொல்லுக்கு இக்கரையில் பெண்ணுருவே உண்டு. அவளைப் பார்த்து, 'நீ முடிவெடுக்காதே. தலைவனுக்குக் காத்திரு' என்று சொன்னால், அடுப்பு எரியுமா?

முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் தூத்துக்குடியில் நடைபெறவில்லை. ஆனால் அதன் முறையை அறிந்தோர் சொல்வதுண்டு. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூழ்குபவன், மேலே தோணியில் கயிறு பிடிப்பவனை நம்பியே மூழ்குகிறான். அவன் கையசைவை உணர்ந்து உடனே இழுக்கவேண்டும். நொடி பிந்தினால் பிணமே வரும். ஆகவே அக்கயிற்றை யாரிடம் கொடுப்பான்? மச்சானிடம். தன் உடன்பிறந்தாள் தாலியிழப்பதை எந்த அண்ணன் தம்பியும் பொறுக்கமாட்டான் என்பது கணக்கு. வீட்டுப் பெண்ணின் உறவே கடலடியில் ஆடவனுக்கு மூச்சாகிறது. இக்கரையின் ஆண்மை தனித்து நின்று தலைமை கொண்டாடிய ஆண்மை அன்று; உறவுக் கயிற்றில் தொங்கிய ஆண்மை.

அந்த உறவுக்குப் பெயர் வேண்டும் அல்லவா? தாய்மாமன், அத்தை, மச்சான், கொழுந்தன், நாத்தனார், பெரியப்பா, சிற்றப்பா, சம்பந்தி எனத் தமிழில் ஒவ்வோர் உறவுக்கும் ஒரு பெயரும், அப்பெயருக்கு ஒரு கடமையும் உண்டு. மருமகளின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் வரவேண்டும். சிற்றப்பா வந்தால் ஒவ்வாது. அந்தணரும் பரதவரும் நாடாரும் வேளாளரும் இதில் ஒன்றே. இப்போது குடும்பக் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகள் எல்லாரையும் எவ்வாறு அழைக்கின்றனர்? 'அங்கிள்', 'ஆன்ட்டி'! தாய்மாமனும் அங்கிள், பெரியப்பாவும் அங்கிள், பக்கத்து வீட்டுக்காரரும் அங்கிள், ஊர்தி ஓட்டுபவரும் அங்கிள். அப்பன் 'டாடி', தாய் 'மம்மி'. கயிறு பிடிக்கவேண்டியவன் யார் என்றே தெரியாதவாறு உறவுப் பெயர்கள் அத்தனையும் ஒரே சேற்றில் புதைந்துவிட்டன. இதைச் செய்தது திரைப்படமா? இல்லை; தொலைக்காட்சி மட்டுமா? இல்லை. கோயிலை ஒட்டி நடக்கும் ஆங்கில வழிப் பள்ளியே முதலில் செய்தது. அப்பள்ளியின் வாயிலில் நின்றுகொண்டே, 'இக்கால நாகரிகம் குடும்பத்தைக் குலைத்தது' என்று முழங்குகின்றனர்! பணம் வாங்கிக்கொண்டு குலைத்தவர் யார் என்று யார் சொல்வது?

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வாயிலைத் திறந்தது. இலத்தீன் போயிற்று, தமிழில் திருப்பலி வந்தது. குருவானவர் மக்களைப் பார்த்து நின்று தமிழில் பேசுகிறார். ஆனால் தமிழில் வழிபட்டுத் திரும்பும் குடும்பம், வாசற்படி தாண்டியதும் ஆங்கிலத்தில் ஏசுகிறது. குழந்தைக்குப் பெயரை இணைய வலையில் தேடி, எந்நாட்டுப் பெயரென்றும் அறியாமல் 'ஜ', 'ஷ', 'ஹ' எழுத்துகளாகப் பார்த்து இடுகிறது. பழைய போர்த்துக்கீசியப் பெயராவது ஒரு புனிதர் பெயர். இப்புதுப் பெயருக்குப் புனிதரும் இல்லை, பொருளும் இல்லை.

'கோயில் சட்டம் அயற்பெயரைக் கேட்கிறது' என்று இனியும் சொல்ல இயலாது. 1917-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தொகுப்பு புனிதர் பெயரை வற்புறுத்தியது உண்மை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 855-ஆம் விதி, கிறித்தவ உணர்வுக்கு மாறான பெயராயிராமல் பார்த்துக்கொள்க என்று மட்டுமே சொல்கிறது. வளன், அருள், அன்பழகன், நிலவன், கயல்விழி, முத்துநகை, தேன்மொழி, இன்பமலர் ஆகியவற்றுள் எது கிறித்தவ உணர்வுக்கு மாறானது? தூத்துக்குடிப் பனிமய அன்னையின் பெயரில்கூடப் 'பனி' என்பது தமிழ்ச் சொல்லே; பனி கொட்டாத வெங்கடற்கரையில் நின்றுகொண்டு, போர்த்துக்கீசிய அன்னைக்கே தமிழ்ப்பெயர் இட்ட மக்கள் இவர்கள். இனி வரும் ஞாயிற்றுக்கிழமை திருமுழுக்குத் தொட்டியருகே குழந்தையை ஏந்தி நிற்கும் தந்தை, பதிவேட்டில் 'முத்துநகை' என்று எழுதச் சொன்னால், எந்தக் குரு எந்த விதியைக் காட்டி மறுப்பார்?